மிச்சம் என்னும் கணக்கு: என்எஃப்எல் சம்பள உச்சவரம்பு உருவான வரலாறு

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஒவ்வொரு மார்ச் மாதமும் 32 அணிகளும் ஒரே கணக்கைப் போடுகின்றன: வீரர்களுக்காகச் செலவிட நம் கையில் இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது? 2025ஆம் ஆண்டுக்கு லீக் விதித்த சம்பள உச்சவரம்பு, ஓர் அணிக்கு 27 கோடியே 92 லட்சம் டாலர். அதிலிருந்து வீரர்களின் சம்பளத்தைக் கழித்தால் மிச்சம் கிடைத்துவிடும் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். அப்படிக் கிடைப்பதில்லை. ஓர் ஆண்டில் வீரரின் கைக்குப் போகும் பணம் வேறு, அந்த ஆண்டின் கணக்கில் ஏறும் தொகை வேறு. அணியை விட்டுப் போனவர் இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கில் இருப்பார்; அணியில் இருப்பவர் சில மாதங்களுக்குக் கணக்கில் வராமலே இருப்பார்.

இந்த விசித்திரங்களை வெறும் கணக்கியல் நுட்பங்களாகப் படித்தால் விளங்காது. ஒவ்வொன்றும் ஒரு வழக்கிலோ, வேலைநிறுத்தத்திலோ, விதியை ஏய்க்கும் முயற்சியிலோ பிறந்தது. அந்தப் பிறப்புகளை வரிசைப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உச்சவரம்புக்கு முன்

தொழில்முறைக் கால்பந்து, ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1957இல் ராடோவிச் வழக்கில் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு இருந்த விலக்கு கால்பந்துக்குக் கிடைக்கவில்லை. பின்னாளில் வந்த எல்லாப் பேரங்களுக்கும் அடித்தளம் இந்தத் தீர்ப்புதான். ஆனாலும் வீரர்கள் விரும்பிய அணிக்குப் போக முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தம் முடிந்த ஆர்.சி. ஓவன்ஸ் 1962இல் பால்டிமோருக்கு மாறியதும் அணி உரிமையாளர்கள் விழித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே ஒரு விதி வந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரரை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு தரவேண்டும். ஈடு என்னவென்பதை லீக் ஆணையர் பீட் ரோஸெல் முடிவு செய்வார். ஈடு எவ்வளவு கனமாக இருக்குமோ என்ற அச்சமே போதுமானதாக இருந்தது. அணிகள் பிறர் வீரர்களைத் தொடவில்லை.

ஜான் மேக்கி தொடுத்த வழக்கில் 1976இல் எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோஸெல் விதியைச் செல்லாததாக்கியது. வென்ற உரிமையில் பெரும்பகுதியை 1977 ஒப்பந்தத்தில் வீரர் சங்கமே விட்டுக்கொடுத்தது; ஈட்டு முறை வேறு வடிவில் திரும்பி வந்தது. அது எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு வில்பர் மார்ஷல் சான்று. 1988இல் அவரைச் சிகாகோவிலிருந்து எடுக்க வாஷிங்டன், புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. பதினோரு ஆண்டுகளில் இந்த வழியில் அணி மாறிய முதல் வீரர் அவர்.

1982இல் 57 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அப்போது சங்கத்தின் தலையாய கோரிக்கை, மொத்த வருவாயில் 55 சதவீதம் வீரர்களுக்கு வேண்டும் என்பது. உரிமையாளர்கள் அதைப் பேச்சுக்கே எடுத்துக்கொள்ளவில்லை. 1987இல் வீரர்கள் மீண்டும் களத்தை விட்டு வெளியேறியபோது, உரிமையாளர்கள் மாற்று ஆட்களை வைத்தே ஆட்டங்களை நடத்தினார்கள். 24 நாளில் போராட்டம் உடைந்தது. தெருவில் தோற்ற சங்கம் நீதிமன்றத்தை நம்பியது. வழக்குத் தொடுக்கும் தகுதிக்காக 1989இல் தொழிற்சங்கம் என்ற தன் நிலையையே துறந்தது. பேரத்தில் வீரர்களின் பிரதிநிதியாக இருக்கும்வரை ஏகபோக வழக்கு எடுபடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டதே காரணம். ஒரு தொழிற்சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டு உறுப்பினர்களுக்கு வழி திறந்தது, அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் இன்னும் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டிய செயல் என்பது என் கருத்து.

1992 செப்டம்பரில் மினியாபொலிஸ் நடுவர் குழு, ஃப்ரீமன் மெக்நீல் வழக்கில் வீரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அணி 37 வீரர்களைத் தன்னிடமே கட்டிவைத்துக்கொள்ளலாம் என்ற 'பிளான் பி' முறை வீழ்ந்தது. அடுத்து ரெஜி வைட் பெயரில் எல்லா வீரர்களுக்குமான வழக்கு வந்தது. இனித் தோற்றுக்கொண்டே போவோம் என்பதை ஆணையர் பால் டாக்லியாபு உணர்ந்தார். சங்கத் தலைவர் ஜீன் அப்ஷாவுடன் அவர் செய்துகொண்ட சமரசமே 1993 ஒப்பந்தம். வீரர்களுக்கு அணி மாறும் உரிமை; உரிமையாளர்களுக்குச் செலவின் மேல் ஒரு மூடி.

முதல் வரம்பும் முதல் பலியும்

1994இல் அமலுக்கு வந்த முதல் உச்சவரம்பு 3 கோடியே 46 லட்சம் டாலர். வரையறுக்கப்பட்ட வருவாயில் 64 சதவீதத்தை எடுத்து, வீரர் நலச் செலவுகளைக் கழித்து, 28 அணிகளுக்கும் பங்கிட்டு வந்த தொகை அது. 1982இல் உரிமையாளர்கள் உதறித் தள்ளிய வருவாய்ப் பங்கு என்ற கருத்தே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர்களுக்குப் பாதுகாப்பாக வந்து நின்றது. 1982இல் பங்கு என்பது வீரர்களின் குறைந்தபட்ச உரிமையாகக் கேட்கப்பட்டது. 1994இல் அதுவே அதிகபட்ச எல்லையாக எழுதப்பட்டது.

இதன் விலையை முதலில் கொடுத்தவர்களில் ஒருவர் ஃபில் சிம்ஸ். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் குவார்டர்பேக். 1993 பருவத்தில் 16 ஆட்டங்களிலும் ஆடி அணியைப் பிளே ஆஃபுக்கு அழைத்துச் சென்றவர். 1994 ஜூனில் அணி அவரை விடுவித்தது. அவருடைய சம்பளத்தை வரம்புக்குள் அடக்க முடியவில்லை என்பது முதன்மைக் காரணம். பதினைந்து ஆண்டுகள் ஒரே அணிக்கு ஆடியவர் மறுபடி என்எஃப்எல்லில் ஆடவே இல்லை. ஒப்பந்தம் கையில் இருந்தாலும் உத்தரவாதம் இல்லாத சம்பளத்தை அணி எந்த நாளிலும் நிறுத்தலாம் என்பதுதான் அமெரிக்கக் கால்பந்தின் ஏற்பாடு. அதோடு உச்சவரம்பும் சேர்ந்தபோது, ஒருவரை வெளியேற்றுவதே மிச்சத்தை உண்டாக்கும் மிக எளிய வழி ஆகிவிட்டது.

போனஸை நீட்டும் வித்தை

கணக்கின் உயிர்நாடி கையெழுத்து போனஸ். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தமாகத் தரப்படும் இத்தொகை, கணக்கில் மட்டும் ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து ஏற்றப்படும். இப்போதைய விதிப்படி அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பிரிக்கலாம்.

டல்லஸ் கவ்பாய்ஸ் உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸ் 1995இல் இந்தப் பொந்தை எல்லோருக்கும் காட்டிவிட்டார். டியோன் சாண்டர்ஸுடன் ஏழு ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் ஒப்பந்தம். அதில் ஏறக்குறைய 1.3 கோடி கையெழுத்து போனஸ். தொடக்க ஆண்டுகளின் சம்பளமோ மிகச் சொற்பம். கணக்கில் முதல் ஆண்டுகள் லேசாகவும் பின் ஆண்டுகள் பாரமாகவும் ஆயின. அந்தப் பருவத்தில் டல்லஸ் கோப்பையை வென்றது. போனஸை ஊதிப் பெருக்கிச் சம்பளத்தைச் சுருக்குவதைக் கட்டுப்படுத்தப் பிறகு வந்த விதியை இன்றும் டியோன் விதி என்றே சொல்கிறார்கள்.

இந்த வித்தையின் இன்றைய வடிவத்தை ஒரு கற்பனை வீரரை வைத்துப் பார்க்கலாம். ஒப்பந்தத்தில் இந்த ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டுகள் பாக்கி. இந்த ஆண்டுச் சம்பளம் 2 கோடி டாலர். அணி அதில் 1.6 கோடியைப் போனஸாக மாற்றி உடனே கொடுத்துவிடுகிறது. 40 லட்சம் சம்பளமாக நிற்கிறது. போனஸ் ஆண்டுக்கு 40 லட்சமாகப் பிரிகிறது. ஆக, இந்த ஆண்டுக் கணக்கில் ஏறுவது 80 லட்சம் மட்டுமே. வீரருக்கு ஒரு டாலரும் குறையவில்லை, அணிக்கு 1.2 கோடி மிச்சம். அடுத்த மார்ச்சில் அவரை விடுவித்தால், கணக்கில் ஏறாமல் நிற்கும் 1.2 கோடி முழுவதும் அந்த ஆண்டின் தலையில் விழும். அவர் ஆடமாட்டார், தொகை மட்டும் இருக்கும். இதைத்தான் டெட் மணி என்கிறார்கள். ஜூன் 1க்குப் பிறகு விடுவித்ததாகக் கணக்கிட்டால் அந்த ஆண்டில் 40 லட்சமும் மறு ஆண்டில் 80 லட்சமுமாக அது இரண்டாகப் பிரியும்.

இன்று மிச்சமான 1.2 கோடியும் நாளை பாக்கி நிற்கும் 1.2 கோடியும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். உச்சவரம்பு செலவைக் குறைப்பதில்லை; தேதியை மாற்ற அனுமதிக்கிறது. வரம்பு ஆண்டுதோறும் உயரும்வரை இது வட்டியில்லாக் கடன்.

ஏய்ப்பும் தண்டனையும்

1990களில் சில அணிகள் விதிக்குள் ஏய்ப்பதோடு நிற்கவில்லை. வரம்பை மீறியதற்காகச் சான் பிரான்சிஸ்கோ அணிக்கும் அதன் முன்னாள் நிர்வாகிகள் கார்மன் பாலிசி, டுவைட் கிளார்க் இருவருக்கும் 2000இல் அபராதம் விதிக்கப்பட்டது. அணி டிராஃப்ட் வாய்ப்புகளையும் இழந்தது. டென்வர், ஜான் எல்வேக்கும் டெரல் டேவிஸுக்கும் 1996 முதல் 1998 வரை தரவேண்டிய பணத்தைக் கணக்குக்கு வெளியே ஒத்திவைத்தது. 2001இல் 9 லட்சத்து 68 ஆயிரம், 2004இல் 9 லட்சத்து 50 ஆயிரம் டாலர் என இரண்டு அபராதங்கள். இரண்டு மூன்றாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளும் போயின. அதே ஆண்டுகளில் அந்த அணி வென்ற இரண்டு கோப்பைகள் அதனிடமே இருக்கின்றன. குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையே பொருத்தம் இல்லை என்றே சொல்லவேண்டும்.

விதிக்கு உட்பட்ட இன்னொரு தந்திரம் மேலும் நுட்பமானது. ஊக்கத்தொகைகளில், முந்தைய ஆண்டு ஆட்டத்தை வைத்துப் பார்த்தால் கிடைக்கக்கூடியவை உடனே கணக்கில் ஏறும். கிடைக்காமல் போனால் அடுத்த ஆண்டு அணிக்கு வரவு வைக்கப்படும். எனவே ஆண்டு இறுதியில் இடம் மிஞ்சிய அணிகள், ஏதோ ஒரு துணை வீரரின் ஒப்பந்தத்தில் அவர் எட்டவே முடியாத பெரிய ஊக்கத்தொகையைத் தொழில்நுட்ப ரீதியாக 'கிடைக்கக்கூடியது' என்ற வகையில் எழுதிவைத்தன. தொகை கணக்கில் ஏறும், அவர் எட்டமாட்டார், வரவு அடுத்த ஆண்டுக்குப் போகும். 2011 ஒப்பந்தம் இந்த நாடகத்துக்குத் தேவை இல்லாமல் செய்தது: மிஞ்சியதை நேரடியாகவே அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகலாம். அன்று முதல் 32 அணிகளுக்கும் 32 வெவ்வேறு வரம்புகள்.

வரம்பில்லா ஆண்டு

2006 ஒப்பந்தத்திலிருந்து உரிமையாளர்கள் முன்கூட்டியே விலகியதால் 2010இல் உச்சவரம்பே இல்லை. டல்லஸ் அந்த ஆண்டில் மைல்ஸ் ஆஸ்டினுக்கு 1.7 கோடி டாலரைச் சம்பளமாகக் கொடுத்து அவருடைய பாரத்தைத் தீர்த்துக்கொண்டது; வாஷிங்டன் ஆல்பர்ட் ஹேன்ஸ்வொர்த் உள்ளிட்டோரின் ஒப்பந்தங்களில் அதையே செய்தது. அன்று இதைத் தடுக்க எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. 2011இல் கதவடைப்பு முடிந்து புதிய ஒப்பந்தம் வந்தது. 2012 மார்ச்சில் லீக், டல்லஸின் வரம்பிலிருந்து 1 கோடியையும் வாஷிங்டனிடமிருந்து 3.6 கோடியையும் இரண்டு ஆண்டுகளில் பிடித்துக்கொள்வதாக அறிவித்தது. வீரர் சங்கமும் இதற்கு ஒப்புக்கொண்டது. வரம்பில்லாத ஆண்டில் வரம்பை மீறியதற்குத் தண்டனை என்றால், அணிகள் தமக்குள் எழுதாத வரம்பு ஒன்றை வைத்திருந்தன என்றே பொருள். சங்கம் பின்னர் அதையே சதி என்று வழக்காக்கியபோது நீதிபதி டேவிட் டோட்டி தள்ளுபடி செய்தார். தன் கையெழுத்தைப் போட்ட பிறகு நீதிமன்றம் போனது சங்கத்தின் பெருந்தவறு.

2011 ஒப்பந்தம் வருவாயை மூன்று வாளிகளாகப் பிரித்தது. ஒளிபரப்பு வருவாயில் 55, லீகின் வணிகப் பிரிவு வருவாயில் 45, அணிகளின் உள்ளூர் வருவாயில் 40 சதவீதம் வீரர்களுக்கு. புதுமுகங்களின் சம்பளத்துக்கும் அளவுகோல் வந்தது. 2010இல் டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி, மறு ஆண்டு அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. மிச்சமான பணம் மூத்த வீரர்களுக்குப் போகும் என்பது எதிர்பார்ப்பு. மலிவான இளைஞர் கிடைக்கும்போது நடுத்தரச் சம்பளக்காரர் எதற்கு என்று அணிகள் கணக்குப் போட்டதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

கடன் திரும்பி வந்தபோது

பெருந்தொற்றால் வருவாய் சரிந்து, 19.82 கோடியாக இருந்த வரம்பு 2021இல் 18.25 கோடிக்கு இறங்கியது. வரம்பு ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிப் பாரத்தைத் தள்ளிவைத்த நியூ ஆர்லியன்ஸ், அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் மேலே நின்றது. ஓய்வுபெற இருந்த ட்ரூ பிரீஸ், தன் 2.5 கோடிச் சம்பளத்தை 10 லட்சத்து 75 ஆயிரமாகக் குறைத்துக்கொண்டார். ஜூன் 1 தாண்டும்வரை அவரைப் பட்டியலில் வைத்திருந்தால் பழைய போனஸ் பாக்கி இரண்டாகப் பிரியும். அதுவரை அவருடைய சம்பளமும் கனக்காது. 2024இல் டென்வர், ரஸல் வில்சனை விடுவித்து 8.5 கோடி டெட் மணியை ஏற்றது: அந்த ஆண்டில் 5.3 கோடி, அடுத்த ஆண்டில் 3.2 கோடி. அந்தப் பாரத்தோடும் அணி 2024இல் பிளே ஆஃபுக்குப் போனது. காரணம், குவார்டர்பேக் போ நிக்ஸ் புதுமுகச் சம்பளத்தில் ஆடினார். 2011இன் அளவுகோல், 2022இல் வில்சனுடன் செய்த ஒப்பந்தத்தின் தவறை மூடிக்கொடுத்தது.

இன்றைய கணக்கு ஏறக்குறைய இப்படி நடக்கிறது. லீக் வரம்போடு முந்தைய ஆண்டு மிச்சத்தையும் ஊக்கத்தொகைத் திருத்தங்களையும் சேர்த்து அணியின் சொந்த வரம்பைக் காண வேண்டும். பட்டியலில் 90 பேர் வரை இருக்கும் கோடை மாதங்களில், கனமான 51 பேரின் தொகையும் மற்றவர்களின் போனஸ் பங்கும் மட்டுமே கழியும். அதோடு டெட் மணியும். 2025 கணக்கில் 50 லட்சத்துக்கு ஒருவரை எடுத்தால், 51ஆம் இடத்திலிருந்து 8 லட்சத்து 40 ஆயிரம் டாலர் புதுமுகம் ஒருவர் கீழே நழுவுவார். ஆக உண்மையில் செலவாகும் இடம் 41 லட்சத்து 60 ஆயிரம்தான். பருவம் தொடங்கியதும் இந்தச் சலுகை போய்விடும்; காயமடைந்தோர் பட்டியலும் பயிற்சி அணியும் உட்பட எல்லோரும் கணக்கில் ஏறுவார்கள். 51ஐ மட்டும் பார்த்துக் கோடையில் மிச்சம் இருக்கிறது என்று நம்பும் அணி செப்டம்பரில் திணறுவது இதனால்தான்.

மூத்த வீரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இந்தக் கணக்கில் அரிது. அவற்றுள் ஒன்று குறைந்தபட்சச் சம்பளச் சலுகை. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஆடியவரின் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 12 லட்சத்து 55 ஆயிரம் டாலர். தகுதியான ஓராண்டு ஒப்பந்தமாக இருந்தால் இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவருக்குரிய 10 லட்சத்து 30 ஆயிரம் மட்டுமே வரம்புக் கணக்கில் ஏறும். அனுபவம் ஒருவருக்குப் பாரமாகக் கூடாது என்பது நோக்கம். ஆனால் நான்கு ஆண்டு முடித்தவர் முதல் ஆட்டத்தன்று பட்டியலில் இருந்தால், பின்னர் நீக்கினாலும் அந்த ஆண்டுச் சம்பளத்தை அவர் கேட்டுப் பெறலாம் என்று இன்னொரு விதி இருக்கிறது. அதனால் அணிகள் பல மூத்த வீரர்களை முதல் ஆட்டம் முடிந்த மறுநாள் வரை காக்கவைத்து, அதன் பிறகே கையெழுத்து வாங்குகின்றன.