துறைக்காகக் கட்டியவை

ஊர்காவற்றுறையின் பழமைக்கு உறுதியான கல்வெட்டுச் சான்று ஊர்காவற்றுறையில் இல்லை. கடலுக்கு அப்பால் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் பொறிப்பித்த அந்த ஆணையைக் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் (பிறநாட்டு வணிகர்) ஊராத்துறைக்கு, அதாவது ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்க வேண்டும், அவர்களுக்குக் காவல் வேண்டும் என்கிறது ஆணை. யானையோ குதிரையோ ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவருக்கு. வேறு சரக்கு என்றால் சரிபாதி. இதைக் கடல் வணிகச் சட்டமாகவே வழக்கமாகப் படிக்கிறோம். தங்க வேண்டும் என்பதையும் கொஞ்சம் நின்று படிக்கலாம். வருபவன் தங்கினால்தான் துறை துறையாகும். அந்தத் தங்கலுக்கு எழுப்பிய கூரை எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. ஆனால் கிழக்கே அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் கண்டெடுத்த சொங் காலச் சீன மட்பாண்ட ஓடுகள், இந்தக் கரைகளில் சரக்கு இறங்கியதைச் சொல்கின்றன. யாழ்ப்பாணத் தீவுகளின் பழைய பொதுக் கட்டடங்களை ஊரின் தேவையிலிருந்து விளக்க முயல்வதை விட, துறையின் தேவையிலிருந்து விளக்குவதே பொருந்தும் என்பது என் வாதம்.

பாய்க்கப்பல் காலத்தில் புறப்படும் நாளைப் பயணி தீர்மானிக்கவில்லை. சோளகம் ஒரு பக்கம் தள்ளும், வாடை மறுபக்கம் தள்ளும். காற்று மாறும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். நாகபட்டினத்துக்கோ தொண்டிக்கோ போகும் வணிகனுக்கும், சிதம்பர யாத்திரைக்காரருக்கும் இது ஒன்றே. காத்திருப்பவனுக்கு நிழலும் படுக்க ஒரு திண்ணையும் நல்ல தண்ணீரும் வேண்டும். இவற்றைக் கொடுத்தது வழிப்போக்கர் தங்கும் மடம். யாழ்ப்பாணத்து மடங்கள் பலவும் தனியே நிற்பவை அல்ல. பக்கத்தில் கேணியோ கிணறோ இருக்கும், தலைச்சுமையை இறக்கச் சுமைதாங்கி இருக்கும், மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் இருக்கும். வீட்டு வாசலின் சங்கடப்படலைகூட வழிப்போக்கன் ஒதுங்க விட்ட கூரைதான். தீவுகளில் இந்தத் தொகுதியின் உயிர் தண்ணீர். சுற்றிலும் உப்புக் கடல், கீழே சுண்ணக்கல். நன்னீர் சில இடங்களில் மட்டுமே ஊறும். நன்னீரின் மதிப்பை அறிய 1658 போதும். ஊர்காவற்றுறையை அடுத்த கடற்கோட்டையின் தண்ணீர்த் தொட்டி ஒல்லாந்தரின் பீரங்கியடியில் உடைந்தது; உள்ளேயிருந்த போர்த்துக்கேயர் தாகத்தால் சரணடைந்தார்கள். ஆகவே பழைய மடத்தைத் தேடுகிறவர் மதிலைத் தேடுமுன் நல்ல தண்ணீர்க் கிணற்றையும் அதிலிருந்து துறைக்குப் போகும் ஒழுங்கையையும் தேடுவது நல்லது.

மதிலை நம்பிக் காலம் சொல்வதில் ஆபத்தும் உண்டு. முருகைக்கல்லும் சுண்ணாம்புமாக எது நின்றாலும் அதை ஒல்லாந்தர் காலத்தது என்று சொல்லிவிடும் பழக்கம் தீவுகளில் இருக்கிறது. அந்தக் கல்லை எல்லோரும் எல்லாக் காலத்திலும் பயன்படுத்தினார்கள். நெடுந்தீவில் வேலி எல்லையே முருகைக்கல் அடுக்கியதுதான். போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயங்களை ஒல்லாந்தர் தமதாக்கிப் பள்ளிக்கூடமாகவும் நடத்தினார்கள். ஒரே சுவருக்குள் பல காலங்கள் இருக்க, அதற்கு ஒற்றை வயது கேட்பது வீண். கடதாசி இன்னும் நேர்மையாகப் பேசும், அதுவும் வேறு காரியத்துக்காக எழுதிய கடதாசி. ஒரு மடத்துக்குத் தனி உறுதி இல்லாமலே போகலாம். ஆனால் பக்கத்துக் காணியை நொத்தாரிசு எழுதும்போது தெற்கெல்லை மடம், மேற்கெல்லை கேணி என்று எழுதாமல் இருக்க முடியாது. அப்படி எல்லையாக வரும் முதல் உறுதியின் ஆண்டு, அந்த மடம் அதற்கு முன்பே நின்றதைக் காட்டிவிடும். பெயர் சொல்லிப் புகழ எழுதிய கல்லைவிட, காணிச் சண்டைக்குப் பயந்து எழுதிய வரிக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

இந்த மடங்களை அழித்தது போர் அல்லவா என்று கேட்கலாம். 1990இல் படை நடவடிக்கையோடு தீவுகள் வெறிச்சோடியதும், கூரைகள் இடிந்ததும், உறுதிப் பெட்டிகள் இடம்பெயர்வில் தொலைந்ததும் உண்மை. 1981இல் எரிந்த யாழ் நூலகத்தோடு சுவடிகள் போனதும் உண்மை. ஆனால் மடத்தின் வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. பாய் போய் இயந்திரம் வந்தது, தாம்போதிகள் தீவுகளைக் குடாநாட்டோடு சேர்த்தன, பஸ் வந்தது. ஓர் இரவு தங்க எவருக்கும் அவசியம் இல்லை. ஊர்ப் பொதுக் கட்டடம் என்ற இடத்தை வாசிகசாலையும் சனசமூக நிலையமும் சங்கக்கடையும் பிடித்தன. அவை ஊராருக்கானவை, வழிப்போக்கனுக்கு அல்ல. இதற்கு எதிர்ச்சான்றுபோலத் தெரிவதும் என் பக்கமே நிற்கிறது: தாம்போதி எட்டாத நயினாதீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து இன்றும் படகுதான், அங்கே அமுதசுரபி அன்னதான மடம் இன்றும் பந்தி போடுகிறது. காரைநகருக்கு ஊர்காவற்றுறையிலிருந்து இன்றும் பாதை (மிதவைப் படகு) ஓடுகிறதே, அங்கே ஏன் மடம் தழைக்கவில்லை என்றால், அந்தக் காத்திருப்பு நிமிடக் கணக்கு. அதற்கு ஒரு கொட்டகை போதும்.

இன்னும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இவை யாருக்குப் பொது? யாழ்ப்பாணச் சமூகத்தில் கிணற்றிலும் தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் சாதி நின்றது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் 1966இலிருந்து தீண்டாமைக்கு எதிராகப் போராட வேண்டியிருந்தது; 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசல் வரை அது போனது. மடம் மட்டும் விலக்காக இருந்திருக்கும் என்று நம்ப இடமில்லை. இதனால் துறை வாதம் விழுவதில்லை, கூர்மையாகிறது: அயல்நாட்டு வணிகனுக்குத் திண்ணை கொடுத்த கரை, அதே வணிகனின் மூட்டையைச் சுமந்தவனுக்கு அதைக் கொடுத்ததா? சுமைதாங்கியில் சுமை இறக்கியவர்களின் பெயர் உறுதிகளில் வராது; எல்லைகளில் காணிக்காரர் மட்டுமே வருவார்கள். சுமந்தவர்களைப் பற்றிய சான்றை ஒல்லாந்தர் காலப் பள்ளித் தோம்பிலும், தேவாலயத்து ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளிலும், கோயில் வழக்குக் கட்டுகளிலும்தான் தேட வேண்டியிருக்கும்.