தராசில் ஒரு குன்றிமணி

தராசில் கனத்த தட்டையே எல்லோரும் காண்கின்றனர். ஆனால், இரு தட்டுகளும் ஏறத்தாழ ஒத்து நிற்கும் வேளையில், பொற்கொல்லன் இடும் ஒரு குன்றிமணியே முள்ளைச் சாய்த்துவிடுகிறது. மன்றங்களின் வரலாற்றில் சிறு கட்சியினரும் சுயேச்சைகளும் பெற்றுவந்துள்ள இடம் அந்தக் குன்றிமணியின் இடமே. அந்த எடை யாருக்காகப் பயன்பட்டது என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் பொருளாகும்.

சேலம் நகரசபை 1866-ல் அமைந்தது. 1882-ல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தல சுயாட்சித் தீர்மானத்திற்குப் பின்னர், இத்தகைய சபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் தொகை படிப்படியாகப் பெருகிற்று. வரி செலுத்துவோர்க்கே அன்று வாக்குரிமை. கட்சியின் பெயரைவிட ஆளின் பெயரே பெரிதாயிருந்த காலம் அது. 1917-ல் இச்சபையின் தலைமையை ஏற்றவர், சேலத்தில் வழக்கறிஞராயிருந்த ராஜாஜி அவர்கள்.

அதே ராஜாஜி, 1952-ல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானபோது காட்சி முற்றிலும் மாறியிருந்தது. சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. பெரும்பான்மைக்கு 188 வேண்டும். உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீல் கட்சிக்கு 6, முஸ்லிம் லீகிற்கு 5 இடங்கள் இருந்தன. இவர்களோடு சுயேச்சைகள் பலரும் இருந்தனர். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலர் அமைச்சரானார். 1954-ல் காமராசர் ஆட்சி அமைத்தபோது, உழைப்பாளர் கட்சியின் ராமசாமிப் படையாட்சியாரும் அமைச்சரவையில் சேர்ந்தார். அவர் ஏற்ற துறை ஸ்தல ஸ்தாபனத் துறையே என்பது இங்கே நினைக்கத்தக்கது. 1959-ல் சென்னை மாநகராட்சியின் 100 இடங்களுள் 45-ஐப் பெற்ற தி.மு.கழகமும் பிறர் துணையோடுதான் அ.பொ. அரசு அவர்களை மேயராக்கிற்று. ஆகவே, இது நேற்று முளைத்த வழக்கமன்று.

தலைவரை யார் தேர்ந்தெடுப்பது என்ற விதியைப் பொறுத்தே இந்தச் சிறு எடையின் மதிப்பு கூடுவதும் குறைவதும் உண்டு. 1996-லும் 2001-லும் நகராட்சித் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். 2006-ல் அவ்வுரிமை உறுப்பினர்களிடம் சென்றது. 2011-ல் மக்களிடம் திரும்பிற்று. 2022-ல் மீண்டும் உறுப்பினர்களுக்கே உரியதாயிற்று. மக்கள் தேர்ந்தெடுக்கும்போது சுயேச்சை உறுப்பினர் ஒரு வார்டின் பிரதிநிதி மட்டுமே. உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும்போதோ, அவர் ஒரு நகரத்தின் தலைவிதியையே கையில் வைத்திருப்பவர்.

நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம் இதற்குக் கண்கூடான சான்று. காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே அமைந்த நெசவாளர் நகரம் அது. 2022 பிப்ரவரி 19-ல் நடந்த தேர்தலில், அந்நகராட்சியின் 33 வார்டுகளுள் தி.மு.க. 14, அ.தி.மு.க. 10, சுயேச்சைகள் 9 எனப் பிரிந்து நின்றன. பெரும்பான்மைக்கு வேண்டியவை 17. பெரிய கட்சிகள் இரண்டிற்கும் அத்தொகை எட்டவில்லை. மார்ச் 4-ல் உறுப்பினர்கள் இரகசிய வாக்களித்தபோது, சுயேச்சை ஒருவரே தலைவரானார். அதே நாளில் தமிழகத்தின் வேறு சில ஊர்களில், சிறிய தோழமைக் கட்சிகளுக்கென ஒதுக்கிய பதவிகளைப் பெரிய கட்சியினரே கைப்பற்றிக்கொண்டனர். அவ்வாறு வென்றோர் பதவி விலக வேண்டுமென அவர்தம் தலைவரே அறிவுறுத்த நேர்ந்தது. சிறியோர்க்குச் செல்வாக்கும் உண்டு, ஏமாற்றமும் உண்டு என்பதை அந்த ஒரே நாள் நமக்குக் காட்டிவிட்டது.

1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் பாராளுமன்றத்தையும் சட்டசபைகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும். உள்ளாட்சி மன்றங்களுக்கெனக் கேரளம் 1999-ல் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டது. சட்டத்தின் வேலி இல்லாத இடத்தில் உறுப்பினரின் மனச்சாட்சி ஒன்றே வேலி.

தலைவர் தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அந்நாளில் தம் வாக்கிற்குப் பணமோ பதவியோ பெற்றுக்கொண்டவர், மறுநாள் முதல் எடையற்றவராகிறார். அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. மாறாக, சாயக்கழிவு காவிரியில் கலவாமற் காக்கவேண்டும், குடிநீர்க் குழாய் கடைசித் தெருவரை வரவேண்டும், சாக்கடை மூடப்படவேண்டும் என்று ஊரறியக் கேட்டு வாக்களித்தவரின் எடை, ஒவ்வொரு மாதக் கூட்டத்திலும் நிலைத்து நிற்கிறது. இரகசியமாகப் பேசிய பேரத்தை நினைவூட்ட அவருக்கே நா எழாது. வெளிப்படையாகப் பேசிய நிபந்தனையையோ ஊரே நினைவூட்டும்.

இந்தச் சமவெளி ஊர்களில் நம்மவர் பெரும்பாலும் ஒன்றிரண்டு வார்டுகளிலேயே செறிந்து வாழ்கின்றனர். எனவே, நம் வாக்கால் செல்பவர் பலமுறையும் தனியொருவராகவோ சிறு கட்சியினராகவோதான் மன்றத்தில் அமர்வார். எண்ணிக்கை சிறிதென நாம் வருந்தவேண்டியதில்லை. ஆலோசனைக்கு ‘ஷூரா’ என்னும் பெயரால் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்க, மன்றத்து வாக்கை விலைப்பொருளாகக் கருதலாகுமோ? அது அமானிதம், கொடுத்தவர் கேட்கும்போது கணக்குக் காட்டவேண்டிய பொருள். ‘எந்தப் பக்கம் வாக்களித்தீர்?’ என்று மட்டும் கேட்டு நாம் நின்றுவிடலாகாது. ‘எதைக் கேட்டு வாக்களித்தீர்? அது நம் தெருவிற்கும் அடுத்த தெருவிற்கும் வந்து சேர்ந்ததா?’ என்று கேட்கும் வழக்கம் நம் இல்லங்களில் பிறக்கவேண்டும். குன்றிமணி சிறிதுதான், ஆனால், பொன்னின் அளவைச் சொல்வது அதுவே.