கடல் முயலும் ஐந்து கண்ணிச் சங்கிலியும்

தோற்றுப்போன மருந்து என்று ஒன்றைக் குப்பையில் போடும் முன் எது தோற்றது என்று பார்க்க வேண்டும். டோலாஸ்டாடின் 10 கதையைப் படித்தபோது எனக்குப் பட்டது இதுதான்.

கடல் முயல் என்பது ஒருவகைக் கடல் நத்தை. தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்சிகள் இருப்பதால் அந்தப் பெயர். அது நஞ்சுள்ளது என்று ரோமானியரான பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1970-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பெட்டிட் குழு, இந்தியப் பெருங்கடலில் பிடித்த கடல் முயலின் சாறு எலிகளில் ரத்தப் புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்வதைக் கண்டது. அதில் உள்ள சரக்கு எது என்று கண்டுபிடித்து வெளியிட 1987 ஆகிவிட்டது. ஏன் இவ்வளவு தாமதம்? சுமார் 1,600 கிலோ கடல் முயலில் கிடைத்தது 30 மில்லிகிராமுக்கும் குறைவு!

அது ஒரு சின்ன பெப்டைடு. அமினோ அமிலங்களைக் கோர்த்த சங்கிலிதான் பெப்டைடு. இதில் ஐந்தே கண்ணிகள். அவற்றில் நம் உடம்பிலும் இருப்பது வேலின் ஒன்றுதான். சின்னது என்பதால் 1989-ல் ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். இனி டன் கணக்கில் கடல் முயல் வேண்டாம்.

செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கயிறுகள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. இந்த மூலக்கூறு டியூபுலினில் ஒட்டிக்கொண்டு கயிறு உருவாகவே விடாது. பிரிய முடியாத செல் செத்துப்போகும்.

1990-களில் நோயாளிகளிடம் சோதித்தார்கள். உடம்பு தாங்கும் அளவில் கட்டிகள் பெரிதாக அசையவில்லை. அளவைக் கூட்டினால் வெள்ளணுக்கள் சரிந்தன. சிலருக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. அத்தோடு நின்றது.

மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், நிரலில் பிழை இல்லை. ஓடுகிற இடம்தான் தப்பு. சியாட்டில் ஜெனெட்டிக்ஸ் நிறுவனம் இதன் உறவான எம்.எம்.ஏ.இ. என்ற மூலக்கூறை ஒரு ஆன்டிபாடியோடு கட்டியது. ஹாட்ஜ்கின் லிம்போமா செல்களின் மேல் இருக்கும் சிடி30 என்ற புரதத்தை அந்த ஆன்டிபாடி தேடிப் பிடிக்கும். செல்லுக்குள் போனதும் அங்குள்ள நொதியே கட்டை அறுத்து நஞ்சை விடுவிக்கும். 2011 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த பிரென்டுக்சிமாப் வெடோடின் இதுதான்.

இடையில், 2001-ல், பலாவு தீவுக் கடலின் நீலப்பச்சைப் பாசியிலிருந்தே டோலாஸ்டாடின் 10 கிடைத்தது. அப்படியென்றால் கடல் முயல் அதைத் தயாரிக்கவில்லை, மேய்ந்து சேர்த்துவைத்திருந்தது!

நரம்புப் பாதிப்பு இந்த மருந்திலும் முழுசாகப் போகவில்லை; கைவிரல் மரத்துப்போகும் நோயாளிகள் இன்றும் உண்டு. நஞ்சு நஞ்சேதான். அது போய்ச் சேரும் முகவரியைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.