வேலூர் உடை ஒழுங்குவிதிகள் (1806)

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்காக 1806 மார்ச்சில் வெளியான ஆணைத் தொகுப்பில், சிப்பாயின் முகத்தைப் பற்றி ஒரு சிறு பத்தி இருந்தது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழித்திருக்க வேண்டும். மீசையின் அளவும் வடிவமும் இயன்றவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள் முன்பே புதிய தலைப்பாகை ஒன்றுக்கும் ஒப்புதல் கிடைத்திருந்தது. அதில் தோலால் செய்த குஞ்சம் உண்டு. தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளைக்காரன் தொப்பி போலவே தெரியும். தோல் என்றால் மாடா, பன்றியா என்ற ஐயம் இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருசேர எழுந்தது. தொப்பி என்றாலோ, அடுத்தது மதமாற்றம்தான் என்ற பேச்சு பரவியது.

தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் பின்னர் சொன்ன சமாதானம் கவனிக்கத்தக்கது: பல பட்டாளங்களில் ஏற்கெனவே வழக்கில் இருந்ததைத்தான் எழுதி வைத்தோம் என்றார். அது பொய்யல்ல. அணிவகுப்புக்கு முன் நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் சிக்கலே அங்குதான் இருக்கிறது. வழக்கமாக இருந்தவரை அதிகாரி கண்டும் காணாமல் விடலாம், சிப்பாயும் மானம் கெடாமல் இணங்கலாம். ஆணையாகி, மீறினால் தண்டனை என்றானதும் அந்த இடைவெளி அடைபட்டது. 1806 மே மாதம் வேலூரில் புதிய தலைப்பாகையை மறுத்தவர்களில் 21 பேர் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். மன்னிப்புக் கேட்ட 19 பேருக்குத் தண்டனை தள்ளுபடியானது; இந்து ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் கசையடி பட்டு வேலையும் இழந்தனர். ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் கலகம் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஐரோப்பியர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி, அன்றே அதை இரத்தத்தில் அடக்கினார்.

தலைப்பாகை வெறும் சாக்கு, 1799 முதல் அக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்த மைசூர் திப்பு சுல்தானின் பிள்ளைகளே தூண்டினார்கள் என்பது அன்றே எழுந்த மறுப்பு. கலகக்காரர்கள் மைசூர்க் கொடியை ஏற்றியது அதற்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் திப்பு குடும்பம் இல்லாத ஐதராபாத்திலும் இதே ஆணைக்கு எதிராகக் கொந்தளிப்பு எழுந்தது. அங்கிருந்த படைத்தலைவர் மான்ட்ரெசர் தம் பொறுப்பிலேயே ஆணையை நிறுத்தி வைத்தார். நிலைமை வேலூர் அளவுக்குப் போகவில்லை. சிறு விதியில் விட்டுக்கொடுத்தால் கட்டுப்பாடே குலைந்துவிடும் என்ற இராணுவத்தின் பழைய வாதமும் ஐதராபாத்தில் செல்லுபடியாகவில்லை.

கலகத்துக்குப் பின் ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக்கையும் சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க்கையும் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் திருப்பி அழைத்துக்கொண்டனர். பென்டிங்க் 1828இல் தலைமை ஆளுநராகத் திரும்பி வந்தார். 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தவரும் அவரே. கம்பெனி பத்தே ஆண்டில் அதை மீண்டும் கொண்டுவந்தது.