ரத்தப் பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் வரி



நம் மரக்காணம் பக்கத்து ஆண்கள் ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதே தாளில் கிரியேட்டினின் என்றொரு வரி இருக்கும். வெயிலில் உப்பு வாரும் உடம்புக்கு அதுவும் முக்கியமான வரி. அதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் தாளைப் படிப்பது எளிது.

1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் இறைச்சியிலிருந்து கிரியேட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து உண்டாகும் கழிவுக்கு 1847இல் ஜெர்மானியர் லீபிக் கிரியேட்டினின் என்று பெயர் வைத்தார். நம் தசைகளில் தினமும் உண்டாகும் இந்தக் கழிவைச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. பிக்ரிக் அமிலம் சேர்த்தால் இது செம்மஞ்சள் நிறமாகும் என்று 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டார். இன்றும் பல ஆய்வகங்கள் அந்த முறையில்தான் அளக்கின்றன.

ஆனால் எண் மட்டும் போதவில்லை. தசை கூடுதலாக உள்ளவருக்கு எண்ணும் கூடும். வயதாகித் தசை கரைந்தால், சிறுநீரகம் தளர்ந்திருந்தாலும் எண் நல்லதாகவே தெரியும். அதனால் 1976இல் கனடாவின் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் 249 நோயாளிகளின் அளவுகளைக் கொண்டு, வயதையும் எடையையும் சேர்த்து ஒரு கணக்கு அமைத்தார்கள். பின்னால் வந்த திருத்தமான கணக்குகளின் விடைதான் இப்போது தாளில் இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சாகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆண்களுக்கு 1.3 வரை சரி என்று பல தாள்களில் இருக்கும். 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, கிரியேட்டினின் 1.3 உள்ள 30 வயதுக்காரருக்கு இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 76. அதே 1.3 உள்ள 70 வயதுக்காரருக்கு சுமார் 59. இந்த அளவு மூன்று மாதத்துக்கு மேலாக 60க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்பது மருத்துவ விதி. தாளில் எச்சரிக்கைக் குறி எதுவும் இருக்காது!

இது நமக்கு ஏன் முக்கியம்? 2002இல் எல் சால்வடார் நாட்டு மருத்துவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாத உழைப்பாளி ஆண்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதைப் பதிவு செய்தார்கள். கடும் வெயிலும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாகச் சந்தேகிக்கப்படுகின்றன. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தினர் 2017 முதல் 2020 வரை தமிழக உப்பளத் தொழிலாளர்கள் 352 பேரை ஆராய்ந்ததில், சுமார் 7 சதவீதம் பேருக்கு இ.ஜி.எஃப்.ஆர். குறைந்திருந்தது. தொடக்கத்தில் வலியோ வீக்கமோ தெரியாது.

ஆகவே சொல்கிறேன். பழைய தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். அச்சாகவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். சிறுநீரில் ஆல்புமின் சோதனையும் செய்யுங்கள். நாள் முழுக்க வெயிலில் உழைத்துவிட்டு ரத்தம் கொடுத்தால் எண் சற்றுக் கூடலாம். மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உடம்புவலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கித் தின்னாதீர்கள். பாத்திக்குப் போகும்போது தண்ணீர்க் குடத்தை மறக்காதீர்கள்.

வீட்டுப் பெரியவர்களின் தாளை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கண்ணுகளா.