கம்பியும் காவலரும்

பெயரிலே தீவைக் கொண்டிருந்தும் பெருநிலத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஊர் விடத்தல்தீவு. மன்னாரிலிருந்து பூநகரியை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், கண்டற் காடுகளும் உவர்ச் சேறும் சூழ்ந்த கரையோரத்தில் அஃது அமைந்துள்ளது. கடற்றொழிலே ஊரவரின் முதன்மையான வாழ்வழி. வலையே அத்தொழிலுக்கு முதல். ஆயினும், வலையைக் கடலில் வீசுவதற்குச் செல்லும் நேரத்தைப் போலவே, அதனைக் காயவிட்டுக் கிழிசல் பார்த்துப் பொத்துவதற்கும் நேரம் செல்கின்றது. கரையில் அமர்ந்து வலை பொத்துகின்றவனைப் பார்த்து, இவன் வேலையின்றி இருக்கின்றான் என்று அக்கரையில் எவரும் சொல்லார்.

கடற்கரை அறிந்த இவ்வுண்மையை அலுவலகங்கள் இன்னும் முற்றாக அறிந்துகொள்ளவில்லை. இன்று பிரதேச செயலகம், வைத்தியசாலை, பாடசாலை, வங்கி ஆகிய யாவும் கணினி என்னும் வேறொரு வலையினால் பிணைக்கப்பட்டுள்ளன. அவ்வலையைப் பொத்துகின்றவர் கணினிப் பராமரிப்பாளர். எல்லாம் ஓடும் நாளில், "இவருக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்பர். ஏதேனும் நின்றுவிட்ட நாளில், "இவர் இவ்வளவு காலமும் என்ன செய்தார்?" என்று கேட்பர். இவ்விரு கேள்விகளுக்கும் இடையில் கழிவது அவருடைய உத்தியோகம். இவ்விடர் கணினியோடு பிறந்ததன்று. இதன் வரலாறு, மன்னார்க் கரையைத் தந்திக் கம்பி தொட்ட காலத்திலேயே தொடங்கிவிட்டது.

அமெரிக்க நாட்டில் சாமுவேல் மோர்ஸ் என்பவர் வாஷிங்டன் நகருக்கும் பால்டிமோர் நகருக்கும் இடையே 1844ஆம் ஆண்டில் தந்திச் செய்தி அனுப்பிக் காட்டினார். அக்காலத்தில் இலங்கைக்கு வரும் வெளிநாட்டுச் செய்திகள் காலித் துறைமுகத்திற் கப்பல்வழி வந்திறங்கின. அவற்றைக் கொழும்புக்கு விரைந்து கொண்டுசெல்லும் பொருட்டுக் கொழும்புப் பத்திரிகையொன்று புறாக்களைப் பழக்கி வைத்திருந்தது. 1858ஆம் ஆண்டில் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியபோது புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. அதே ஆண்டில் மன்னார் வழியாக இலங்கைத் தந்தி இந்தியத் தந்தியோடு இணைக்கப்பட்டது. இராமேசுவரத்திற்கும் மன்னார்த் தீவுக்கும் நடுவிலுள்ள ஆழமற்ற கடல், அன்று முதல் செய்தி செல்லும் வழியாயிற்று.

கம்பி நாட்டியவர்களின் பெயரை வரலாறு கூறும். கம்பியைக் காத்தவர்களின் பெயரை அது பெரும்பாலும் கூறுவதில்லை. ஆயினும், அவர்கள் பட்ட பாட்டை ஊகித்தறியச் சான்றுகள் உள. இந்தியத் தந்தியின் முதல்வரான வில்லியம் ஓஷானசி 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் சோதனை நடத்தியவர், தொழிலால் மருத்துவர். ஐரோப்பாவிற் பயன்பட்ட மெல்லிய கம்பி இந்நாட்டுக்கு ஆகாது என்று அவர் கண்டார். இங்கே புயலுண்டு, கம்பியில் வந்தமரும் பெரும் பறவைகள் உண்டு, கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடும் குரங்குகள் உண்டு. ஆதலின், மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த இரும்புக் கோல்களை அவர் நிறுத்தினார். இலண்டனில் எழுதப்பட்ட முறைநூலில் குரங்கிற்கு இடமில்லை. களத்தில் நிற்பவனுக்கோ குரங்கையும் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடலுக்குள்ளே இடர்கள் வேறு. கடற்கம்பியின் செப்பு நரம்பைக் கட்டாபேர்ச்சா என்னும் மரப்பாலினால் மூடி, அதன்மேல் இரும்புக் கம்பியைச் சுற்றுவர். ஆழமற்ற கடலில் அலையின் அசைவினாற் கம்பி பாறையிலே தேய்கின்றது, நங்கூரத்திற் சிக்குகின்றது. வள்ளத்து மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு கம்பியின் உறையையும் துளைக்கும். 1850ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே இடப்பட்ட முதற் கடற்கம்பி மறுநாளே மௌனமாயிற்று. மீனவர் ஒருவரின் வலையில் அகப்பட்டு அஃது அறுந்தது என்பர். கவசமிட்ட கம்பி மறு ஆண்டில் இடப்பட்ட பின்னரே தொடர்பு நிலைத்தது.

கண்ணுக்குத் தெரியாத கடலடியில் எங்கே அறுந்தது என்று அறிவது எவ்வாறு? இதற்கெனவே ஓர் அறிவியல் வளர்ந்தது. கரையிலிருந்து கம்பியின் மின்தடையை அளப்பர். நல்ல கம்பியில் ஒரு மைலுக்கு எவ்வளவு தடை என்பது முன்னரே குறித்து வைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் பழுது எத்தனை மைலுக்கு அப்பாலுள்ளது என்பது விளங்கும். முன்னரே குறித்து வைக்கப்பட்டிருந்தால் மட்டுமே இக்கணக்குச் செல்லும் என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். நன்றாக ஓடும் நாளில் எடுத்த குறிப்பே பழுதான நாளில் வழிகாட்டும்.

இலங்கை இந்தியாவோடு இணைந்த அதே 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அத்திலாந்திக் பெருங்கடலின் இரு கரைகளும் கம்பியால் இணைக்கப்பட்டன. விக்டோரியா மகாராணியாரின் வாழ்த்துச் செய்தி அமெரிக்கா சென்றது. நகரங்களில் வாணவேடிக்கை நடந்தது. ஆனால் குறிகள் நாளுக்கு நாள் மங்கின. பொறுப்பாயிருந்த வைல்ட்மன் வைட்ஹவுஸ் என்பவர் ஏறத்தாழ 2000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தத்தை உயர்த்திச் செய்தியைத் தள்ள முயன்றார். மூன்று வாரங்களிலே கம்பி செத்தது. மந்தமான பொறியை ஓங்கித் தட்டினால் அது விரைந்து ஓடும் என்று நம்புவோர் இன்றும் அலுவலகங்களில் இருக்கின்றனர் அல்லவா?

பழி முழுவதும் வைட்ஹவுஸின் தலையில் விழுந்தது. எனினும், பின்னர் நடந்த விசாரணை ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதோடு நின்றுவிடவில்லை. கம்பி செய்யப்பட்ட முறை, அது சேமித்து வைக்கப்பட்ட முறை, செப்பின் தூய்மை, அளவைகளின் குறைபாடு ஆகிய யாவும் ஆராயப்பட்டன. மின்தடையை அளக்கப் பொதுவான அலகு வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது. அதன் பயனாகவே 1866ஆம் ஆண்டில் இடப்பட்ட கம்பி நிலைத்து நின்றது. யார் செய்தார் என்று மட்டும் கேட்டிருந்தால் இப்பயன் விளைந்திராது. எவ்வாறு நிகழ்ந்தது என்றும் கேட்டமையாலேயே விளைந்தது.

இலங்கை வானொலியும் இத்தந்திக் குடும்பத்திற் பிறந்த பிள்ளையே என்பதை நேயர்களிற் பலர் அறிவர். தந்திக் கந்தோரின் தலைமைப் பொறியியலாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர், 1923ஆம் ஆண்டில் மத்திய தந்திக் கந்தோரின் சிறு அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிச் சோதனை செய்தார். கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பகுதிகள் அதற்குப் பயன்பட்டன என்பர். 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கியது. பழைய கருவியைக் கழற்றிப் புதிய பணிக்குப் பொருத்தத் தெரிந்த கைகள் தந்தித் திணைக்களத்தில் இருந்தமையாற்றான் அது கைகூடிற்று.

தந்தியின் இடத்தைக் கணினி பெற்ற பின்னரும் காவலரின் பாடு குறையவில்லை. மன்னார்க் கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்பது போலவே கணினியின் உள்ளுறுப்புகளையும் அரிக்கின்றது. மின்சாரம் ஏறியும் இறங்கியும் பொறிகளைக் கெடுக்கின்றது. கடவுச்சொல்லை மறந்தவர், தாள் சிக்கிய அச்சுப்பொறியோடு மல்லுக்கு நிற்பவர், மின்கம்பி செருகப்படாததை அறியாமற் கணினி பழுது என்று முறையிடுபவர் ஆகிய எல்லாரும் ஒருவரையே நாடுகின்றனர்.

தமிழில் எழுதுவோர்க்கு இவற்றினும் மேலான ஓரிடர் நெடுங்காலம் இருந்தது. இலங்கை அலுவலகங்களிற் பாமினி என்னும் எழுத்துரு பெருவழக்காயிற்று. அம்முறையில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் அக்கடிதத்தைத் திறந்தால், 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று சிதறித் தோன்றும். விடத்தல்தீவிலிருந்து ஒரு விண்ணப்பம் தமிழிற் புறப்பட்டுக் கொழும்பிலே எம்மொழியும் அல்லாத குறிகளாகச் சென்று சேரக்கூடும். உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் வழங்கும் யூனிகோட் முறை 1991ஆம் ஆண்டிற் பிறந்தபோதே தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. எனினும், பழைய கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றும் பொறுமையான வேலை கணினி அறையில் இருந்தவரையே சார்ந்தது. பரிசு பெறும் தமிழ்த்தொண்டுகளின் வரிசையில் அதனை எவரும் வைப்பதில்லை.

செம்மையாய்ச் செய்த பராமரிப்பு ஏன் புகழ் பெறுவதில்லை என்பதற்கு 2000ஆம் ஆண்டு நல்ல சான்று. பழைய கணினிகள் ஆண்டின் ஈற்றிரு இலக்கங்களை மட்டும் குறித்து வந்தமையால், 2000 பிறக்கும்போது அவை 1900 என்று மயங்கும் என்னும் அச்சம் எழுந்தது. உலகெங்கும் பல்லாயிரவர் அதற்கு முன்னரே உழைத்துத் திருத்தினர். ஜனவரி 1ஆம் நாள் பெருங்கேடு எதுவும் நிகழவில்லை. உடனே, இல்லாத ஆபத்துக்கு இவ்வளவு பணத்தைச் செலவிட்டனரே என்று குறை கூறினர் சிலர். தடுக்கப்பட்ட கேட்டினை எவரும் கண்ணாற் காண்பதில்லை.

இவையெல்லாம் அலுவலகத்துச் சில்லறைத் தொல்லைகள் என்று எண்ணுதல் தவறு. ஓர் ஏட்டின் மறுபடி எவ்வளவு பெறுமதியுடையது என்பதை விடத்தல்தீவு மக்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். 2008ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் போர்முனை அவ்வூரைக் கடந்து சென்றது. மன்னார்ப் பெருநிலத்து மக்கள் ஊர்விட்டு ஊர் இடம்பெயர்ந்தனர். வழியிற் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்த குடும்பங்கள் பல. மீண்டு வந்தபோது, தாம் யார், தம் நிலம் எது என்பதை மெய்ப்பிக்க அவர்களுக்கு ஓர் ஏடு வேண்டியிருந்தது. வேறோர் ஊரில், வேறோர் அலுவலகத்தில் மறுபடி இருந்தவர்க்கு வழி பிறந்தது. இல்லாதவர்க்கு ஆண்டுக்கணக்கான அலைச்சலே எஞ்சியது. பதிவேட்டுக்கு மறுபடி எழுதி வேறிடத்தில் வைக்கும் பழைய எழுதுவினைஞரின் சலிப்பான வேலை, இங்ஙனம் ஒரு குடும்பத்தின் காணியைக் காக்கும்.

அம்முதுமொழியை நாடே மறந்த காலம் 2023. அவ்வாண்டு ஆகஸ்ட் மாத இறுதியில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதி மீட்புப் பணம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்தனவும் சென்றனவுமான அஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. தொகுதி சில மணி நேரத்தில் மீண்டும் எழுந்தது. ஆயினும், மறுபடிகளும் அதே வலையில் இணைக்கப்பட்டிருந்தமையால் அவற்றையும் தீநிரல் பூட்டிவிட்டது. அம்மூன்று மாதங்களுக்கு வலைக்கு வெளியே வேறு மறுபடி இல்லை. பயன்பாட்டிலிருந்த மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான திருத்தங்களை அதன் நிறுவனம் 2023 ஏப்ரல் மாதத்தோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாறும் திட்டம் 2021ஆம் ஆண்டிலேயே இருந்தது என்றும், நிதிக் குறைவும் முந்தைய தீர்மானங்கள் சிலவும் அதனைத் தாமதப்படுத்தின என்றும் பொறுப்பான முகவர் நிலையம் பின்னர் விளக்கமளித்தது.

ஆகவே அறிவு இருந்தது; திட்டமும் இருந்தது. வலை இற்றுப் போகின்றது என்று தெரிந்தும் பொத்துவதற்கு நூல் வாங்கப்படவில்லை. பொறியின் பழுதைக் காட்டிலும் நிருவாகத்தின் பழுதே இங்கு பெரிது.

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டமையே காரணம் என்று துறை அமைச்சர் அறிவித்தார். நாடு நகைத்தது. ஓஷானசி கேட்டிருந்தால் நகைத்திருக்கமாட்டார். குரங்கு வரும் என்பது இந்நாட்டிற் புதிய செய்தியன்று. ஓரிடத்துப் பழுது நாடு முழுவதையும் வீழ்த்தும் வண்ணம் மின்வலை ஏன் தளர்ந்திருந்தது என்பதே கேள்வி. அக்கேள்வியைப் பொறியியலாளர்கள் எழுப்பினர். மக்கள் வாயில் நின்றதோ குரங்கின் கதை.

ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளின் கதை கூறுவது சுருக்கமானது. நல்ல நாளிற் குறிப்பெடுத்தல் வேண்டும். மறுபடியை வேறிடத்தில், வலைக்கு அப்பால் வைத்தல் வேண்டும். பழுது நேர்ந்தால் ஆளைத் தேடுவதற்கு முன்னர்க் காரணத்தைத் தேடல் வேண்டும். இவை மூன்றும் காவலர் அறிந்தவையே. அவர் சொல்லுக்குச் செவி கொடுப்பதும், அவர் கேட்கும் சிறு செலவுக்கு ஒப்பமிடுவதும் தலைமை மேசையில் இருப்போரின் கடன். கணினிகள் யாவும் செவ்வனே ஓடும் ஒரு சாதாரண நாளில், அலுவலகத் தலைவர் அக்காவலரின் அறைக்குச் சென்று, "அடுத்துப் பழுதாகக்கூடியது எது?" என்று ஒருமுறை கேட்கட்டும். விடை அவரிடம் ஆயத்தமாய் இருக்கும்.