அல்தப்ராவின் ஆமைகள்

இந்து சமுத்திரத்தின் மேற்பகுதியில், மடகாஸ்கருக்கு வடமேற்கே அல்தப்ரா என்னும் முருகைக்கற்றீவு உள்ளது. சீஷெல்ஸ் நாட்டுக்குரிய இதன் நான்கு பெருநிலங்கள் வளையமாய் நின்று ஓர் அகன்ற களப்பை அணைத்திருக்கின்றன. நாள்தோறும் இருமுறை கடல் ஒடுங்கிய வாய்க்கால்களூடே உட்பாய்ந்து வடிகிறது. அப்பெருக்கோடு சுறாவும் திருக்கையும் களப்பினுட் புகும். மணற்கரையிற் பேராமை முட்டையிடும்; புதரிடையே பறக்கவியலாத கானாங்கோழி திரியும்.

எனினும், இத்தீவின் தனிப்பெருஞ் செல்வம் இராட்சத நில ஆமைகளே. இவற்றின் உறவினங்கள் மொரிசியஸ் முதலிய தீவுகளிலும் வாழ்ந்தன. உணவின்றிப் பல மாதங்கள் உயிர்தாங்க வல்ல அவற்றைக் கப்பலோட்டிகள் இறைச்சிக்காக வாரிச் சென்றனர். அவ்வினங்கள் அடியோடு அழிந்தன. அல்தப்ராவுக்கு அரணானவை குடிநீர்ப் பஞ்சமும், காலைக் கிழிக்கும் கூர்ங்கற்களும், தொலைவுமே.

அவ்வரணும் போதாதென உணர்ந்து, 1874இல் சார்ள்ஸ் டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் ஆமைகளைக் காக்குமாறு மொரிசியஸ் தேசாதிபதிக்கு விண்ணப்பித்தனர். 1960களில் பிரித்தானியா அங்கு விமானத்தளம் அமைக்க எண்ணியபோது, அறிஞருலகம் மீண்டும் எதிர்த்தெழுந்தது. 1967 நவம்பரில் பவுணின் மதிப்பு வீழ, சிக்கனம் கருதி அத்திட்டம் கைவிடப்பட்டது. 1982இல் யுனெஸ்கோ இத்தீவை உலக மரபுரிமையாக ஏற்றது.

இன்று அங்கு ஏறத்தாழ 1,00,000 ஆமைகள் வாழ்கின்றன. ஆயினும், 2019இல் அதன் கரைகளிலிருந்து 25 தொன் பிளாஸ்டிக் குப்பை அகற்றப்பட்டது. கப்பல்களைத் தடுத்த தொலைவு, கடலலை சுமந்து வரும் கழிவைத் தடுக்கவில்லை.